ஆர்கிட் இலை சுருங்குகிறதா? தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்

கேள்வி: கையளவே இருக்கும் ஒரு சின்ன ஆர்கிட் செடியை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பிளாஸ்டிக் தொட்டியில் பாசியை (மாஸ்) அடைத்துக் கொடுத்தார்கள். தடித்த இலைகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. அடியில் கிழங்கு மாதிரி எதுவும் இல்லை. பூக்கள் உதிர்ந்த பிறகு இலைகள் சுருங்கித் தொங்குகின்றன. விற்றவர் தினமும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். வேர் வளர டானிக் தருகிறேன் என்கிறார். தண்ணீரைக் கூட்டக் கூட்ட இலை இன்னும் வாடுகிறது. “காட்டில் மரக்கிளையோடு எடுத்த செடி இருக்கிறது, அது சாகவே சாகாது” என்றும் சொல்கிறார். அதை வாங்கலாமா? இந்தச் செடியைக் காப்பாற்ற முடியுமா? இந்த நிலையிலும் புதிதாக ஒரு பூந்தண்டு எட்டிப் பார்க்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: டானிக் வேண்டாம். காட்டுச் செடி வேண்டவே வேண்டாம். தண்ணீரை இன்றோடு நிறுத்திவிட்டுச் செடியைத் தொட்டியிலிருந்து வெளியே எடுங்கள். வேர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் உங்களுக்கு யார் என்ன யோசனை சொன்னாலும், நான் சொன்னாலும், அது வெறும் ஊகம்தான்.

உங்கள் செடி மரக்கிளையில் வேரைப் படரவிட்டு வாழும் வகை. மரத்திலிருந்து அது எதையும் உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டும் கேட்கிறது. மழை பெய்தால் வேர் நனையும், மழை விட்டதும் காற்றில் உலரும். அதற்குத் தோதாக வேரைச் சுற்றி வெலாமென் என்றொரு உறை இருக்கிறது. இறந்த செல்களால் ஆன அந்த உறை பஞ்சு போல நீரைச் சட்டென்று இழுத்து உள்ளே கொடுக்கும். உலர்ந்திருந்தால் வெள்ளி நிறமாக இருக்கும்; நனைந்தால் உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். எப்போது ஊற்றுவது என்பதற்கு வேறு கணக்கே வேண்டாம். வேர் வெளுத்திருந்தால் ஊற்றுங்கள், பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்படிப்பட்ட வேரை ஈரப் பாசிக்குள் எந்நேரமும் புதைத்து வைத்தால் காற்றில்லாமல் அழுகும். அழுகிய வேர் நீரை இழுக்காது. தொட்டி நிறைய ஈரம் இருக்கும், செடியோ தாகத்தில் வாடும். இலை சுருங்குகிறதே என்று நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், மிச்சமிருக்கும் வேரும் போகும். உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான். தண்ணீரே போதாமல் காய்ந்த செடியின் இலையும் இதே மாதிரிதான் சுருங்கும். அதனால்தான் இலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள் என்கிறேன்.

பாசி கெட்ட பொருள் அல்ல. பண்ணையில் வெப்பம், காற்று, ஈரம் மூன்றும் அளவாக இருக்கும். அங்கே பாசியில் செடி நன்றாகவே வளரும், கடைக்குப் போகும் வழியில் காயாமலும் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதே பாசி எமனாகிறது. அதிலும், நாற்றாக இருந்தபோது வைத்த சின்னப் பாசிக் கட்டியை எடுக்காமல் அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுக்கட்டி சொதசொதவென்று கிடக்கும். “வீட்டுக்குப் போனதும் உள்ளே இருக்கும் கட்டியை எடுத்துவிடுங்கள்” என்று ஒரு வரி அச்சடித்துத் தொட்டியில் செருகி வைக்க என்ன பெரிய செலவு? செய்ய மாட்டார்கள். செத்த செடிக்குப் பதிலாக நீங்கள் இன்னொன்று வாங்குவதில் அவர்களுக்கு நட்டம் ஏதுமில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தொட்டியைச் சிறிது நேரம் நீரில் வைத்து, வேர் இளகியதும் செடியை மெல்ல வெளியே எடுங்கள். பாசி முழுவதையும் விரலால் பிரித்து அகற்றுங்கள், நடுக்கட்டியையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு வேரையும் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது, பழுப்பு நிறமாக இருந்தாலும் வெட்டாதீர்கள். கொழகொழவென்று நசுங்கினாலோ, உறை உருவிக்கொண்டு நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சினாலோ அந்த வேர் போய்விட்டது, வெட்டிவிடுங்கள்.

வெட்டும் கத்தரிக்கோலை முதலில் நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். இதைப் பலர் சட்டை செய்வதில்லை. சிம்பிடியம் மொசைக் வைரஸ், ஒடோன்டோகுளோசம் ரிங்ஸ்பாட் வைரஸ் என்று ஆர்கிட்டைத் தாக்கும் இரண்டு வைரஸ்கள் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒரு செடியை வெட்டிய கத்தியோடு அடுத்த செடிக்குப் போய்விடும். மருந்து கிடையாது. பூந்தண்டு வெட்டித் தருகிறேன் என்று ஒரே கத்தரியோடு செடி செடியாகப் போகிறவர் கையில் உங்கள் செடியைக் கொடுக்காதீர்கள்.

வெட்டிய இடம் உலர ஒரு நாள் நிழலில் விட்டுவிட்டு, விரல் நுனி அளவுள்ள மரப்பட்டைத் துண்டுகளில் வையுங்கள். தேங்காய் மட்டைத் துண்டு என்றால் அதில் உப்பு இருக்கும். பல முறை நீரை மாற்றி ஊறவைத்த பிறகே போட வேண்டும். நார்த்தூள் கூடாது, மண்ணை நினைக்கவே கூடாது. மிஞ்சிய வேர் அடங்கும் அளவுக்குச் சின்னத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் தங்கி மறுபடியும் பழைய கதைதான். செடி ஆடாமல் இருக்க ஒரு குச்சியோடு கட்டுங்கள். ஆடினால் புதிதாக வரும் வேர் நுனி உரசி நின்றுவிடும். பிறகு வெளிச்சமும் காற்றும் உள்ள, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்கினால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். இந்த வகைக்கு ஒரே ஒரு குருத்துதான், அது அழுகினால் அநேகமாகச் செடியே போய்விடும்.

டானிக் பற்றி. வேர் இல்லாத செடிக்கு உரம் கொடுத்தால் உப்பு தேங்கி, இருக்கும் வேரும் கருகும். புது வேர் வந்து பச்சை நுனி காட்டிய பிறகு, சாதாரண உரத்தையே பாக்கெட்டில் போட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து, வேர் நனைந்த பிறகு ஊற்றினால் போதும். வண்ண பாட்டிலில் வரும் அதிசயத் திரவங்களில் உங்களுக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை.

சுருங்கிய பழைய இலை முழுதாக நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் நிமிராது. அதற்காக மனம் தளர்ந்து மறுபடி தண்ணீரைக் கூட்டிவிடாதீர்கள். புதிய வேர் நுனியும், அதற்குப் பின்னால் வரும் புதிய இலையும்தான் பிழைத்ததற்கு அடையாளம். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் செடிக்கு அது பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாரோ இன்றைக்கே ஒரு நல்ல செடியைக் குப்பையில் போடக்கூடும். டென்ட்ரோபியம் ஆர்கிட்டில் ஒரு கூட்டம் இருக்கிறது. நோபிலி, அனோஸ்மம், அஃபில்லம் போன்றவை. கரும்புக் கணு மாதிரித் தண்டு இருக்கும். வளர்ச்சிப் பருவம் முடிந்ததும் இலை மஞ்சளாகும், உதிரும், தண்டும் லேசாகச் சுருங்கும். பார்ப்பதற்குச் செத்தது மாதிரியே இருக்கும். சாகவில்லை, ஓய்வெடுக்கிறது. அப்போது தண்ணீரை மிகவும் குறைத்து, உரத்தை அடியோடு நிறுத்த வேண்டும். பாவம் என்று இரக்கப்பட்டு ஊற்றிக்கொண்டே இருந்தால், பூ வர வேண்டிய கணுவில் குட்டிச் செடிதான் முளைக்கும். ஓய்வு கொடுத்தால் அந்த மொட்டைத் தண்டிலேயே கணுவுக்குக் கணு மொட்டு வைக்கும். தண்டு காய்ந்த குச்சியாகிவிட்டதா, இல்லை சுருக்கத்துக்குள்ளே இன்னும் கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்காமல் எறியாதீர்கள். இலை உதிர்ந்ததற்காக எறிய வேண்டாம். பூக்கவில்லை என்றும் எறிய வேண்டாம். உங்கள் செடியில் அப்படிக் கணுத் தண்டோ கிழங்கோ இல்லை, இலை இரண்டு வரிசை; ஆகவே அது இந்தக் கூட்டம் அல்ல, அதற்கு இப்படி நீண்ட ஓய்வு தேவையில்லை.

இத்தனையும் நான் ஊகித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, ஏன்? தொட்டியில் இனப்பெயர் இல்லை. ‘ஆர்கிட்’ என்று மட்டும் ஒட்டியிருப்பார்கள். 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் ஆர்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள இனங்களில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஆர்கிட்தான். ஓர் இனம் நாட்டு எல்லையைத் தாண்ட, பொதுவாக அறிவியல் பெயரெழுதிய அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தப் பெயர் அதிகாரிகளின் கோப்போடு நின்றுவிடுகிறது. செடியை வளர்க்கப் போகிறவருக்குத்தான் அது மிகவும் தேவை, அவருக்கு அது போய்ச் சேருவதேயில்லை. பெயர் தெரிந்தால் ஓய்வு வேண்டுமா, குளிர் வேண்டுமா, எவ்வளவு வெளிச்சம் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். பெயர் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். நாலு பேர் திரும்பிப் போனால் ஐந்தாவது ஆளுக்காவது எழுதித் தருவார்கள்.

காட்டுச் செடிக்கு வருவோம். ‘சாகாது’ என்பது பொய். கிளையை இறுகப் பற்றிய வேரைப் பிடுங்கும்போதே பாதி வேர் அறுந்துவிடும். இலையில் பூச்சி கடித்த தழும்பு, வேரில் ஒட்டிய மரப்பட்டைத் துணுக்கு, ஒரே இனத்தில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு அளவு: இவை பிடுங்கிய செடியின் அடையாளங்கள். கிளையோடு வெட்டி எடுத்தாலும் அந்தக் காட்டின் ஈரத்தை யாரும் வெட்டிக்கொண்டு வர முடியாது. வியட்நாமின் ஓர் ஆர்கிட், பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ், 1999-இல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதன் காட்டை வியாபாரிகள் சுரண்டித் துடைத்துவிட்டார்கள். நீங்கள் ஒன்று வாங்கினால் அவர் இன்னும் பத்து பிடுங்குவார். பலகையில் கட்டி வளர்க்க ஆசை என்றால், பண்ணையில் வளர்த்த செடியைக் கட்டலாம், ஆனால் வேர் தேறிய பிறகு. கட்டிய செடிக்கு அநேகமாகத் தினமும் தண்ணீர் காட்ட வேண்டும்.

விதைப் பாக்கெட்டோடும் யாராவது வருவார்கள். ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைக்கத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை உதவினால்தான் முளைக்கும். இதை 1899-இல் நோயேல் பெர்னார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் கண்டறிந்தார். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பூஞ்சை இல்லாமல், சர்க்கரை கலந்த வளர்ப்புக் கூழில், கிருமி நீக்கிய குடுவைக்குள் முளைக்கவைத்துக் காட்டினார். இன்றும் அதே குடுவை வழிதான். தொட்டியில் தூவினால் ஒன்றும் முளைக்காது. அப்படி முளைத்தால் அது வேறு ஏதோ களையின் விதை.

கடைசியாக அந்தப் பூந்தண்டு. வேரை இழந்த செடிகூடப் பல நேரங்களில் இருக்கும் சேமிப்பையெல்லாம் செலவழித்துப் பூக்கும். அதைப் பார்த்துச் செடி தேறிவிட்டது என்று நம்பாதீர்கள். நெருப்பில் காட்டிய அதே கத்தரியால் தண்டை அடியோடு வெட்டிவிடுங்கள். நல்ல விறைப்பான வேர் நான்கைந்தாவது வந்த பிறகு அடுத்த பூந்தண்டு வந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.