விமான நிலையத்தில் இல்லாமலே விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். பாதிக்கு மேல் இப்போதே அப்படித்தான் நடக்கிறது.

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஹெச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதைக்கு இறங்கும் விமானங்கள் தெரியும். கன்ட்ரோலராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவிடம் ஒருநாள் கேட்டேன்: "இதையெல்லாம் கண்ணால பாத்துதானே இறக்குவீங்க?"

"கண்ணால பாக்கறவன் டவர்ல இருக்கறவன் மட்டுந்தான்டா. நான் பாத்ததெல்லாம் ஜன்னலே இல்லாத ரூம்ல ராடார். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தாத்தான் விடிஞ்சதே தெரியும்."

நம் தலைக்கு மேலே உயரத்தில் கடந்துபோகும் விமானத்தோடு பேசுபவர் சென்னையில் இருப்பார். அரபிக்கடல் நடுவே ராடாரே எட்டாது. அங்கே பறப்பவற்றை மும்பையிலிருந்து செயற்கைக்கோள் வழியாக, குறுஞ்செய்தி அனுப்பிக்கூட நடத்துகிறார்கள்.

ஆக, மிச்சம் இருப்பது ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து நடத்தும் டவர்தான். ஸ்வீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தின் டவர் வேலையை 2015 முதல் சுண்ட்ஸ்வால் என்ற வேறு ஊரில் உட்கார்ந்து செய்கிறார்கள். 2021இல் லண்டன் சிட்டி விமான நிலையமும் இதற்கு மாறியது. 50 மீட்டர் கம்பத்தில் 16 கேமராக்கள். கன்ட்ரோலர்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஸ்வான்விக்கில். திரையில் விமானத்தின் மேலேயே அதன் பெயர் ஒட்டிக்கொண்டு நகரும். கண்ணாடி ஜன்னலில் இந்த வசதி கிடையாது.

என் கவலை கேமரா இல்லை, படத்தைக் கொண்டுபோகும் கேபிள். பிழைப்பே நெட்வொர்க் வேலை என்பதால் சொல்கிறேன். எங்கள் ஆபீசுக்கு இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கி, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஒரு மத்தியானம் ரோட்டில் ஜேசிபி ஒரே ஒரு வாய் மண் அள்ளியது, இரண்டும் போச்சு. பார்த்தால் இரண்டும் ஒரே குழாய்க்குள் ஓடியிருக்கின்றன! லண்டனில் மூன்று தனித்தனி கேபிள் போட்டிருக்கிறார்கள். இங்கே போட்டால், மூன்றும் எந்தெந்தத் தெரு வழியாகப் போகின்றன என்று நடந்தே போய்ப் பார்க்கவேண்டும்.

பெரியப்பாவின் சந்தேகம் வேறு. ரேடியோ செத்துவிட்டால் டவரிலிருந்து விளக்கடிப்பார்கள்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், சிவப்பு மின்னினால் இறங்காதே. "அந்த லைட்ட யாரு புடிப்பா?" கம்பத்திலேயே விளக்கையும் மாட்டி, தூரத்திலிருந்தே திருப்புகிறார்கள் என்றேன். "அதுவும் அதே கேபிள்லதானே வருது?" என்றார்.

அதனால் பெங்களூருவின் கெம்பேகவுடா விமான நிலையம் மாதிரி இரண்டு ஓடுபாதையும் ஓயாமல் ஓடும் இடத்தில், டவர் தீப்பிடித்தால் மாற்றாக இருக்கட்டும் என்ற அளவில் இதை வைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று விமானம் வரும் சின்ன ஊர்களுக்கு, தாராளமாக இன்றைக்கே செய்யலாம்.