ஊடக விமர்சனம், போர்ப் பிரச்சாரம், யூத மதம்: எந்தப் புத்தகங்களில் தொடங்கலாம்?

மூன்று தலைப்புக்கும் தனித்தனியாகப் புத்தகம் கேட்டிருக்கிறீர்கள். என்னால் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் இரண்டை மட்டும் படித்துவிட்டு மூன்றாவதைத் தொடாமல் விட்டதால், ஒரு பெரிய பொய்யைச் சில காலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதனால் நான் படித்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் படித்தது ஹெர்மனும் சாம்ஸ்கியும் எழுதிய 'மேனுஃபேக்சரிங் கன்சென்ட்' (1988). பத்திரிகையின் முதலாளி யார், விளம்பரம் யாருடையது, தகவல் தரும் அதிகாரி யார் என்று பல சல்லடைகளைத் தாண்டித்தான் ஒரு செய்தி நம் கைக்கு வருகிறது என்பது அதன் சாரம். 1984இல் போலந்தில் கொல்லப்பட்ட ஒரு பாதிரியாரையும், லத்தீன் அமெரிக்காவில் கொல்லப்பட்ட நூறு திருச்சபையினரையும் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் எவ்வளவு எழுதின என்று கணக்கெடுத்திருப்பார்கள். எதிரி முகாமில் இறந்த அந்த ஒருவருக்குக் கிடைத்த இடம், நட்பு நாடுகளில் இறந்த நூறு பேருக்கும் சேர்த்துக் கிடைக்கவில்லை. அதைப் படித்த பிறகு செய்தித்தாளைப் பழையபடி புரட்ட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நண்பர், "அந்த முதலாளிகள் யார் என்று பார், எல்லாரும் யூதர்கள்" என்றார். புத்தகத்தின் அடுத்த அத்தியாயம் போலவே அது என் காதில் விழுந்தது. நானும் ஆமோதித்தேன். புத்தகம் அப்படி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அது பேசுவது அமைப்பைப் பற்றி, ஓர் இனத்தைப் பற்றி அல்ல. சாம்ஸ்கியே யூதர்தான், அவர் அப்பா எபிரேய மொழி அறிஞர். ஆனால் யூதர்களைப் பற்றி அதுவரை நான் ஒரு பக்கமும் படித்ததில்லை, அதனால் மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னைத் திருத்தியது நார்மன் கோன் எழுதிய 'வாரண்ட் ஃபார் ஜெனோசைட்' (1967). யூதப் பெரியவர்கள் கூடி, பத்திரிகைகளையும் பணத்தையும் கைப்பற்றி உலகை ஆளச் சதி செய்ததாகச் சொல்லும் 'புரோட்டோகால்ஸ்' என்ற போலி ஆவணத்தின் கதை அது. 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் முதலில் வெளிவந்தது. 1920இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையே, இது உண்மையாக இருக்குமோ என்று எழுதியது. மறு வருடம் அதே பத்திரிகையின் நிருபர் பிலிப் கிரேவ்ஸ், 1864இல் மொரீஸ் ஜோலி எழுதிய பிரெஞ்சு நூல் ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து, பத்தி பத்தியாகத் திருடியிருப்பதைக் காட்டினார். மூல நூல் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைச் சாடியது. அதில் யூதச் சதி என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதற்குள் அமெரிக்காவில் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டு தன் சொந்த வாரப் பத்திரிகையில் இதைத் தொடராக வெளியிட்டு, தன் கார் விற்பனையாளர்கள் மூலம் பரப்பிக்கொண்டிருந்தார். 1927இல்தான் மன்னிப்புக் கேட்டார். பெரும் பணக்காரர் ஒருவர் தன் பத்திரிகையை வைத்து, 'பத்திரிகைகள் எல்லாம் யூதர்கள் கையில்' என்று ஊரை நம்பவைத்திருக்கிறார். சாம்ஸ்கி சொன்ன முதல் சல்லடைக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் போர்ப் பிரச்சாரம். ஆர்தர் பான்சன்பியின் 'ஃபால்ஸ்ஹுட் இன் வார்டைம்' (1928) முதல் உலகப் போரின் பொய்களைத் தொகுத்த நூல். படியுங்கள், ஆனால் தனியாகப் படிக்காதீர்கள். அதில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகர் ஜெர்மனியிடம் விழுந்தபோது மணி அடித்த கதை வரும். ஜெர்மனியில் வெற்றி மணி அடித்தார்கள் என்ற செய்தி, பத்திரிகைக்குப் பத்திரிகை தாவித் தாவி, கடைசியில் மணி அடிக்க மறுத்த பாதிரியார்களைத் தலைகீழாக மணிக்குள் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று முடியும். மிகப் பிரபலமான உதாரணம். அந்தப் பத்திரிகைத் துணுக்குகளின் சங்கிலியே 1915இல் ஒரு ஜெர்மன் பத்திரிகை ஜோடித்தது என்று பின்னால் தெரியவந்தது. பொய்யை அம்பலப்படுத்த வந்த புத்தகத்திலேயே எதிர்த்தரப்பின் பொய் உட்கார்ந்திருக்கிறது.

அதனால் ஹார்ன், கிரேமர் இருவரும் எழுதிய 'ஜெர்மன் அட்ராசிட்டீஸ் 1914' நூலையும் கூடவே எடுங்கள். பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் ஜெர்மன் படை சுமார் 6,500 பொதுமக்களைக் கொன்றது நிஜம் என்று ஆவணங்களோடு நிறுவுகிறார்கள். 'எல்லாம் பிரச்சாரம்' என்ற பேச்சில் அந்த நிஜச் சாவுகளும் சேர்ந்து புதைந்து போயிருந்தன.

இதன் விளைவு அடுத்த போரில் தெரிந்தது. முதல் போரின்போது, 1917இல், பிரிட்டிஷ் பத்திரிகைகள், ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று எழுதின. சுத்தப் பொய். 1942 ஜூன் 25 அன்று 'டெய்லி டெலிகிராஃப்', போலந்தில் 7,00,000 யூதர்கள் கொல்லப்பட்டதாக வந்த தகவலை வெளியிட்டது, ஐந்தாம் பக்கத்தில். 1943இல், விஷவாயு அறைகள் பற்றிய தகவலைப் பார்த்த பிரிட்டிஷ் உளவுத்துறை உயரதிகாரி ஒருவர், இது போன போரின் பிணக்கொழுப்புக் கதையை நினைவூட்டுகிறது என்று குறிப்பு எழுதினார். இதைப் படித்த அன்று வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் 'நியூயார்க் டைம்ஸ்' இந்தச் செய்திகளை எப்படி உள்பக்கங்களில் புதைத்தது என்பதற்கு லாரல் லெஃப் எழுதிய 'பரீட் பை தி டைம்ஸ்' இருக்கிறது. நாஜிகள் உலகப் போரையே யூதர்கள் தொடுத்த போர் என்று எப்படித் திருப்பிச் சொன்னார்கள் என்பதற்கு ஜெஃப்ரி ஹெர்ஃப்பின் 'தி ஜூயிஷ் எனிமி'.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க முடியும் என்றால் விக்டர் கிளெம்பெரரின் 'எல்.டி.ஐ.' (1947). நாஜி ஆட்சியின் மொழி என்று பொருள்படும் லத்தீன் பெயரின் சுருக்கம் அது. அவர் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மொழிப் பேராசிரியராக இருந்த யூதர். 1935இல் வேலை பறிபோனது. மனைவி யூதர் அல்லாதவர் என்பதால் கடைசிவரை தப்பிப் பிழைத்தார். அந்த வருடங்களில் ஆட்சியாளர்களின் மொழியை நாட்குறிப்பில் எழுதி ஒளித்துவைத்தார். தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த ஃப்ரீடா என்ற பெண் ஒரு காட்சியில் வருவார். நல்ல மனசுக்காரர். உடம்பு சரியில்லாத கிளெம்பெரரின் மனைவிக்கு என்று ஓர் ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உங்கள் மனைவி ஜெர்மன்காரராமே, நிஜமாகவா?" என்று கேட்பார். யூதர் என்றால் ஜெர்மன்காரர் இல்லை என்பது, துளிக்கூட வெறுப்பில்லாத அந்த வாயிலும் குடியேறிவிட்டது. சொற்கள் துளித்துளியாக உள்ளே போகும் விஷம் மாதிரி என்று கிளெம்பெரர் சொல்வதற்கு இந்த ஆப்பிளைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

சரி, யூத மதம். வெறுத்தவர்கள் எழுதியதையும் அந்த வெறுப்பைப் பற்றி எழுதியதையும் மட்டும் படித்தால், யூதர்கள் என்ன நம்புகிறார்கள் என்பது தெரியாமலே போய்விடும். இன்னொன்று: யூத மதம், யூத மக்கள், இஸ்ரேல் அரசு மூன்றும் ஒன்றல்ல. அந்த அரசின் செயல்களை அறிய வேறு புத்தகங்கள் வேண்டும். மதத்துக்குள் நுழைய, யூதர்களின் வாராந்திர ஓய்வு நாளைப் பற்றி ஹெஷெல் எழுதிய 'தி சப்பாத்' (1951) நல்ல வாசல். மிகச் சிறியது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேராக வருவது 'ஹாஃபெட்ஸ் ஹயீம்'. 1873இல் யூத மத குரு (ரபி) இஸ்ரேல் மேயர் ககன் எழுதியது, முழுக்க முழுக்க பேச்சைப் பற்றிய மதச் சட்டநூல். 'லஷோன் ஹரா' என்றால் பிறரைக் கெடுக்கும் பேச்சு. உண்மையாகவே இருந்தாலும் அது குற்றம். பொய்யாக இருந்தால் அதைவிடக் கொடிய குற்றம், அதற்குத் தனிப் பெயர். காது கொடுத்து நம்புவதும் தவறு. ஒருவர் இன்னொருவருக்குச் செய்த தீங்கை எப்போது வெளியே சொல்லலாம் என்று பத்தாம் அத்தியாயம் ஏழு நிபந்தனைகள் வைக்கிறது. நீயே பார்த்திருக்க வேண்டும், அது தீங்குதானா என்று அவசரப்படாமல் யோசித்திருக்க வேண்டும், முதலில் அவரிடமே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும், நடந்ததைவிடப் பெரிதாக்கக் கூடாது, சொல்வதில் நன்மைதான் நோக்கமாக இருக்க வேண்டும், வேறு வழியில் சரிசெய்ய முடியுமானால் சொல்லவே கூடாது, அவருக்குத் தகுதிக்கு மேல் கேடு விளையக் கூடாது.

நண்பர் சொன்ன அன்று நான் ஆமோதித்தது இந்த நூலின்படி என்ன குற்றம் என்று தேடிப் பார்த்தேன். கேட்டவனும் குற்றவாளிதான். மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் யூத நூல்களுக்கான செஃபாரியா இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; அந்தப் பத்தாம் அத்தியாயத்தை மட்டுமாவது முதலில் படித்துவிடுங்கள்.