விட்டுப்போன ஒரு மாதக் கவர்

மேடம், வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 41, கார்மென்ட் கம்பெனியில் டெய்லர். சம்பளம் 14,000 ரூபாய். மாதத்தின் முதல் ஞாயிறு, அதில் பத்தில் ஒரு பங்கான 1,400 ரூபாயைத் தசமபாகக் கவரில் வைத்துச் சபையில் கொடுத்துவிடுவேன். வீட்டில் சண்டையே இதனால்தான். கணவருக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைத்து ஏற்றும் வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வருமானம் இல்லை. "வாடகைக்கே கடன் வாங்குறோம், கவர் மட்டும் நிக்காதா?" என்கிறார். என் சம்பளம், என் உழைப்பு. அவர் குடித்த காலத்தில் நான் கணக்குக் கேட்டேனா? நாத்தனாரும் சேர்ந்து கேலி செய்கிறார். என் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுக் கோயிலுக்குக் கொடுத்தவர். அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. முந்தின வருடம் நவம்பரில் பையனுடைய பள்ளிக் கட்டணத்துக்காக ஒரே ஒரு மாதம் கவர் கொடுக்கவில்லை. அந்த வாரமே இவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் மழையில் பைக்கோடு விழுந்து கால் முறிந்தது. அதைக்கூட நான் சொல்லிக்காட்டியதில்லை, ஒரு தடவை கோபத்தில் சொன்னதோடு சரி. அதை விடுங்கள். என் உழைப்பில் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா?

அன்புச் சகோதரி,

உரிமை இருக்கிறது. நாத்தனாரின் கேலியையும் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் "அதை விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியவில்லை.

கவர் நின்ற மாதத்தையும் கால் முறிந்த வாரத்தையும் சேர்த்து மனதுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து அந்தக் கவர் கடன்தவணை மாதிரி போகிறது. தவறினால் அடுத்து யாருக்கு என்ன ஆகுமோ என்ற பயம். தினமும் இதைச் சுமந்துகொண்டு எப்படித்தான் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறீர்களோ!

சீலோவாம் என்ற இடத்தில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொன்னார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மழையில் அந்தச் சாலையில் போகிற யாரும் விழலாம். பள்ளிக் கட்டணம் கட்டிய தாயைத் தண்டிக்க அவள் புருஷன் காலை உடைக்கிறவரா நீங்கள் கும்பிடுகிற ஆண்டவர்?

தசமபாகம் என்றதும், அதைக் கொடுக்காதவர்களைக் கண்டிக்கிற மல்கியா 3ஆம் அதிகாரம்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். பைபிளில் உபாகமம் 14ஆம் அதிகாரத்தையும் வாசித்துப் பாருங்கள். அங்கே அந்தப் பங்கைக் குடும்பமே சேர்ந்து ஆண்டவர் சந்நிதியில் சாப்பிட்டுச் சந்தோஷப்படுகிறது. மூன்றாம் வருடப் பங்கு, ஆலய ஊழியம் செய்யும் லேவியருக்கும், பரதேசி என்கிற அந்நியனுக்கும், திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் போகிறது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த அப்போஸ்தலர் பவுலும், "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல", அதாவது மனவருத்தத்தோடோ கட்டாயத்துக்காகவோ கொடுக்க வேண்டாம் என்றுதான் கொரிந்து சபையாருக்கு எழுதினார். உங்கள் கவரில் இப்போது இருப்பது கட்டாயம்.

இனி உங்கள் கணவர். இதில் நான் அவர் பக்கம். நீங்கள் சொன்னது ஒரு தடவைதான். அவர் காதில் அது முதல் ஞாயிறுதோறும் விழுகிறது. நீங்கள் கவரை எடுக்கும்போதெல்லாம் தன் கால்தான் அவருக்கு ஞாபகம் வரும். அவர் பணத்தைப் பற்றிப் பேசுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள் அம்மாவின் டப்பாவையும் நினைத்துப் பாருங்கள். பானையில் அரிசி குறைந்த நாளில் அதில் ஒரு பிடி விழாமலும் போயிருக்கும். அதற்காக அவர் பயந்து நடுங்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தடைக்காலத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதை இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம், அது பெரிய விஷயம் இல்லை. அதற்கு முன்னால், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உங்க கால் உடைஞ்சதுக்கும் கவருக்கும் சம்பந்தம் இல்லை" என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது அது உங்கள் காதிலும் விழட்டும்.