பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புதிய இன்ஜின் போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உண்டு. என்னுடையது 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. அதன் 1.6 லிட்டர் இன்ஜின் நீலப் புகை விட ஆரம்பித்ததும், அடுத்த தலைமுறை எம்எக்ஸ்-5இல் 2001 வாக்கில் வந்த 1.8 லிட்டர் விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும்) இன்ஜினைத் தேடிப் பிடித்து மாட்டினேன். வார இறுதிகளில் மட்டும் வேலை பார்த்ததில் ஏழு மாதம் ஆனது. அதில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்ற ஆனது மூன்றே நாள். மற்றதெல்லாம் வயரிலும் தண்ணீரிலும்தான் போனது.

எந்த இன்ஜின் என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் காரில் ஹோண்டாவின் கே24 போடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஜிஎம்மின் எட்டு சிலிண்டர் எல்எஸ் வி8 போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் கே24 என்றால் கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் பிளேட், ஆயில் தேங்கும் வேறு சம்ப், இன்ஜினைத் தாங்கும் வேறு மவுண்ட் எல்லாம் வேண்டும். வி8 என்றால் கியர்பாக்ஸ், பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியல் வரை மாற்றியாக வேண்டும். முதல் தடவை இறங்குகிறவர் அதே குடும்பத்து இன்ஜினை எடுப்பதுதான் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1.6உம் 1.8உம் உறவுக்கார இன்ஜின்கள், பழைய கியர்பாக்ஸ் அப்படியே உட்காரும். 1,598 சிசி 1,839 ஆகிறது. 116 குதிரைத்திறன் சுமார் 140 ஆகிறது. ஆயிரம் கிலோகூட எடை இல்லாத காருக்கு இதுவே தாராளம். முன்பு மூன்றாவது கியருக்கு இறங்கிய மேட்டில் இப்போது நான்காவதிலேயே ஏறுகிறது.

வயரிங்குக்கு வருகிறேன். விவிடியில் இன்டேக் கேம்ஷாஃப்ட்டை, அதாவது காற்று நுழையும் வால்வுகளைத் திறக்கும் தண்டை, ஆயில் அழுத்தம்தான் முன்னும் பின்னும் திருப்புகிறது. அந்த ஆயிலைத் திறந்துவிடும் வால்வுக்கு ஈசியூ, அதாவது இன்ஜினின் கணினி, உத்தரவு கொடுக்க வேண்டும். 1991இன் ஈசியூவுக்கு அந்த வேலையே தெரியாது. உத்தரவு வராவிட்டால் கேம் பின்தங்கிய நிலையிலேயே நின்றுவிடும். இன்ஜின் ஓடும், நடு ஆர்பிஎம்மில் இழுவை இருக்காது. எந்த இழுவைக்காக இத்தனை பாடுபடுகிறோமோ அதுவே போய்விடும். சென்சார்களும் வேறு. பழையதில் கேமின் பின்முனையில் ஒன்றே ஒன்று, புதியதில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்குத் தனி, கேமுக்குத் தனி. அதனால் மெகாஸ்குவர்ட் என்ற தனி ஈசியூ வைத்தேன். எதையும் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றிப் பெயர் எழுதுங்கள். நான் முதல் பத்து வயர்களுக்கு எழுதவில்லை, அந்தப் பத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் பிடித்தது.

முதல் முறை சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் முக்கி முனகியது. ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து மெல்லிய புகை எழும்பி, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சாவியை விட்டுவிட்டு ஓடிப்போய் பேட்டரியைக் கழற்றினேன். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப்பை நான் மாட்டவே இல்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் மொத்தக் கரன்ட்டும் திரும்பிப் போக வேறு பாதை இல்லாமல் அந்த மெல்லிய கேபிளின் இரும்பு இழைகள் வழியே போயிருக்கிறது. கை வைத்தால் சுட்டது. ஒரே ஒரு போல்ட், அவ்வளவுதான்.

அடுத்தது தண்ணீர். இந்த இன்ஜின் குடும்பம் முதலில் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்காக வைக்கப் பிறந்தது. எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் திருப்பி வைத்தபோது கூலன்ட் வெளியேறும் வாயை ரேடியேட்டர் பக்கம், அதாவது முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. கடைசியில் இருக்கும் நான்காவது சிலிண்டருக்கு ஓட்டம் குறைவு, அதற்குத்தான் சூடு அதிகம். சாதாரண ஓட்டத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ரேஸ் டிராக்கில் தொடர்ந்து விரட்டினால் ஆபத்து. இன்ஜின் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி உட்கார்ந்த பிறகு பின்பக்கம் கை நுழையவே நுழையாது. அதனால் அது வெளியே தொங்கும்போதே தெர்மோஸ்டாட்டை (சூடானதும் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) பின்னால் மாற்றி ஹோஸை அங்கிருந்து ரேடியேட்டருக்கு இழுத்துவிட்டேன். அதே நேரத்தில் கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல், கிளட்ச், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இந்தக் காரில் கியர்பாக்ஸின் வாலையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் பிணைக்கிறது. அதைக் கழற்றினால் கியர்பாக்ஸ் தொங்கிவிடும், கீழே ஜாக் வைக்காமல் தொடாதீர்கள். திரும்ப மாட்டும்போது உயரத்தை அளந்து சரிசெய்ய வேண்டும். கோணம் தப்பினால் ஓட்டும்போது அதிர்வு வரும்.

இன்ஜின் மாற்றியதைப் பதிவுச் சான்றிலும் காப்பீட்டிலும் காட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஊர் விதி என்ன என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. 1.6 கார்களில் வந்தது ஆறு அங்குல ரிங் கியர் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) உள்ள டிஃபரன்ஷியல். 1994இல் 1.8 வந்தபோது நிறுவனமே அதை ஏழு அங்குலம் ஆக்கியது. என்னிடம் இருப்பது இன்னும் பழைய ஆறுதான், புதிய இன்ஜினின் இழுவையை அது தாங்குமா என்பது பயம். ஏழு அங்குலத்தது கிடைத்து மாட்டும்வரை முதல் கியரில் கிளட்ச்சைப் படக்கென்று விடுவதில்லை, ஈரச் சாலையில்கூட.