அடையாத வாயில்

வணக்கம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். பதவி உயர்வு மூன்றாவது முறையாகத் தள்ளிப்போய்விட்டது. ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்கிறார் மேலாளர். நான் எதற்கும் லாயக்கில்லாதவளோ என்று தோன்றுகிறது. தோழி ஒருத்தி ஔவையின் ‘எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே’ என்ற வரியை வாட்ஸப்பில் அனுப்பினாள். படித்ததும் அழுதுவிட்டேன். அன்று இரவே ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்தேன். கொடுத்துவிடலாமா? ‘ஏற்பது இகழ்ச்சி’ என்ற ஔவையே பரிசில் கேட்டுப் போய் நின்றது ஏன்? எந்த உரையைப் படிக்கலாம்?

ச.

அன்புள்ள ச.,

ஏற்பது இகழ்ச்சி பற்றிய கேள்வியை முதலில் தள்ளிவைக்கிறேன். ஆத்திசூடி ஔவை வேறு, அதியமானைப் பாடிய ஔவை வேறு. நடுவில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. சங்க ஔவையின் பாடல்கள் 59. அவற்றில் 33 புறப்பாடல்கள். அவற்றில் கோல் ஊன்றிய பாட்டி இல்லை. புறநானூறு 89-இல் பகையரசன் ‘வாள்நுதல் விறலி’, அதாவது ஒளி பொருந்திய நெற்றியுடைய ஆடல்மகளே, என்று விளித்துத்தான் கேள்வி கேட்கிறான். பரிசில் பிச்சையும் அல்ல. புலமைக்கு உரிய மதிப்பு. இது போதும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஒற்றை வரி. புறநானூறு 206-ஆம் பாட்டு 13 அடி. கடைசி அடி மட்டும் ஊரெல்லாம் தனியாகச் சுற்றுகிறது. மற்ற பன்னிரண்டையும் படிக்காமல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ராஜினாமா எழுதுவது தவறு. கோபித்துக்கொள்ளாதீர்கள், அழுதது தவறென்று சொல்லவில்லை.

அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது பாடியது இது. ‘வாயிலோயே! வாயிலோயே!’ என்று வாயில்காவலனை இருமுறை அழைக்கிறார். ஐந்தாம் அடியில் மூன்றாம் முறை: ‘பரிசிலர்க்கு அடையா வாயிலோயே!’ ‘அடையா’ என்றால் அடைக்காத. பரிசிலருக்கு என்றும் மூடாத வாயிலைக் காப்பவனே என்கிறார். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். வாயில் மூடிவிட்டதால் ஔவை வெகுண்டதாக நினைக்கிறார்கள். இல்லையம்மா. கதவு திறந்தே இருக்கிறது. உள்ளே வா, உட்கார், நாளைக்குப் பார்க்கலாம் என்கிற வாயில் அது. உங்கள் மேலாளரின் வாயிலும் அதுதான். முகத்தில் அறைந்து சாத்தினால் மனிதர் எழுந்து போய்விடுவார். திறந்த வாயிலில் காத்திருக்கும்போதுதான் ‘குறை என்னிடமோ’ என்ற எண்ணம் உள்ளே புகுந்துகொள்கிறது.

அந்த எண்ணத்தை ஔவை எங்கே வெட்டுகிறார் பாருங்கள். ‘தன் அறியலன்கொல்? என் அறியலன்கொல்?’ அவன் தன்னை அறியவில்லையா, என்னை அறியவில்லையா? தன்னை அறியாதவனா என்ற கேள்வி முதலில் வருகிறது. ‘எனக்குத் தகுதி இல்லையோ’ என்ற மூன்றாவது கேள்வி பாட்டில் இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த ஒன்றுதான் இருக்கிறது.

அதற்கு முன் பரிசிலரைச் சொல்லும் இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள். ஒன்று ‘வித்தி’. வள்ளல்களின் செவியில் ஒளியுள்ள மொழியை விதைக்கிறார்களாம். விதைத்தவருக்கு விளைச்சல் தாமதமாகும் என்பது தெரியும். இன்னொன்று ‘வரிசைக்கு வருந்தும்’. வரிசை என்பது தகுதி அறிந்து செய்யும் சிறப்பு. பொருளுக்காக அவர்கள் வருந்தவில்லை, அந்த அளவறிதலுக்காக வருந்துகிறார்கள்.

பிறகு மூட்டை கட்டுகிறார். ‘காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை’. இந்தக் கலப்பை உழுகிற கலப்பை அல்ல, இசைக்கருவிகளை வைக்கும் பை. கருவிகளைக் காவடியில் தூக்கியாகிவிட்டது, பையைக் கட்டியாகிவிட்டது என்று இறந்தகாலத்தில் சொல்கிறார். ‘போய்விடுவேன்’ என்ற மிரட்டல் இதில் இல்லை. ‘என்’ என்று ஒருமையில் கேட்டவர் இங்கே ‘எம்’ என்று பன்மைக்கு மாறுவதையும் கவனியுங்கள். கிளம்பும்போது அவர் தனியாக இல்லை.

இனி நான் சொல்ல வந்தது.

‘மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர் மழுவுடைக் காட்டகத்து அற்றே.’ மரம் வெட்டும் தச்சனின் கைத்தொழில் வல்ல பிள்ளைகள் மழுவோடு, அதாவது கோடரியோடு, போன காட்டைப் போன்றது உலகம் என்கிறார். இதில் மூன்று உறுப்புகள் உண்டு: காடு, மழு, கைவன்மை. ஒன்றை எடுத்துவிட்டாலும் உவமை விழுந்துவிடும். மழு இல்லாதவனுக்குக் காடு வெறும் வழி தப்பும் இடம். மழு இருந்து கை பழகாதவன் தன் காலையே வெட்டிக்கொள்வான். ‘கைவல்’ என்ற அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் கடைசி அடி வெறும் வீம்பு. தன் கையில் என்ன இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் ‘எத்திசைச் செலினும்’ என்கிறார். அப்போதும் பொன், யானை என்று பேசவில்லை. சோறு என்கிறார். அவ்வளவு திருத்தமான கணக்கு.

உங்கள் கடிதத்தில் மழு எங்கே? மேலாளர் சொன்னது, தோழி அனுப்பியது, நீங்கள் அழுதது எல்லாம் இருக்கிறது. பதினொரு வருடம் செய்த வேலையைப் பற்றி ‘கணக்குப் பிரிவு’ என்ற இரண்டே சொற்கள்தான். மார்ச் முடிவில் கணக்கு ஒத்துவராதபோது எந்த இடத்தில் முதலில் தேடுவீர்கள்? ஆடிட்டர் கேள்வி கேட்டால் யாருடைய மேசைக்கு வருகிறார்கள்? ஜிஎஸ்டி ரிட்டர்னில் பிறர் விடும் பிழைகளில் எத்தனையை நீங்கள் பார்த்த மாத்திரத்தில் பிடிப்பீர்கள்? ஒரு தாளில் எழுதுங்கள். பட்டம், பதவிப் பெயர் வேண்டாம். கை செய்யும் காரியம் மட்டும். அதை எழுதாமல் லாயக்கு இல்லை என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கே உரிமை கிடையாது.

அதே அதியமானைப் பற்றி அதே ஔவை 101-ஆம் பாட்டில் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். பல நாள் பலரோடு போனாலும் முதல்நாள் போன்ற விருப்பத்தோடு வரவேற்பவன் அவன். பரிசில் தரும் காலம் நீட்டித்தாலும் நீட்டிக்காவிட்டாலும், அது யானை தன் தந்தங்களுக்கு இடையே வைத்த கவளம் போலக் கையில் இருப்பதே, பொய்யாகாது. நெஞ்சமே வருந்த வேண்டா என்கிறார். காத்திருக்கலாம் என்றும் கிளம்பலாம் என்றும் ஒருவரே சொல்லியிருக்கிறார். ஆளை அளந்து, தன்னையும் அளந்தவர் அப்படித்தான் சொல்ல முடியும். அவன் இறந்தபோது 235-இல் அவர் அழுததைப் படித்தால், மூட்டை கட்டிய அந்தக் கோபம் நட்பை முறிக்கவில்லை என்பதும் தெரியும்.

உரை கேட்டீர்கள். உ.வே.சா. 1894-இல் பதிப்பித்ததில் உள்ள பழைய உரை 266 பாட்டு வரை கிடைக்கிறது, இவை மூன்றும் அதில் அடங்கும். அது கடினமாக இருந்தால் ஔவை துரைசாமிப் பிள்ளை உரை. முதல் பகுதி 200 வரை. 206-க்கும் 235-க்கும் இரண்டாம் பகுதி வேண்டும், வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். முதலில் உரை இல்லாமல் வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். பன்னிரண்டாம் அடி மூன்றே சீர். அங்கே குரல் தானாகக் குறையும், அடுத்த அடி நாலு சீராக நிமிரும். அதன்பின் சொல் பிரித்து, வினைமுற்று எது என்று தேடி, கடைசியில் உரைக்குப் போங்கள்.

ராஜினாமாக் கடிதம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அந்தத் தாளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.