ஸ்கிரிப்ட்டுக்குள் ஐபைதன் ஷெல்: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, ஃபங்ஷனுக்குள் ஐபைதனின் எம்பெட் வரியைப் போட்டு, ஸ்கிரிப்ட் நடுவில் நிற்க, பைதன் வரிகளை அடித்துப் பார்க்கும் ஷெல்லைத் திறந்தேன். 'பஸ்' என்ற வேரியபிளை அடித்தால் 138 வருகிறது. அதையே லம்டாவுக்குள் போட்டால் நேம் எரர், அப்படி ஒரு பெயரே இல்லையாம். ஏன்?

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்த ஷெல் உங்கள் ஃபங்ஷனின் தொடர்ச்சி அல்ல. ஃபங்ஷனின் பெயர்களை லோக்கல்ஸ் என்றும் மொட்யூலின் பெயர்களை குளோபல்ஸ் என்றும் இரண்டு டிக்ஷனரிகளாக எடுத்துக்கொண்டு, நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரியையும் புதிதாக ஓட்டுகிறது. வெறுமனே 'பஸ்' என்றால் முதலில் லோக்கல்ஸில் தேடும், கிடைத்துவிடும். லம்டா தனி ஃபங்ஷன். தன்னிடம் இல்லாத பெயரை நேரே குளோபல்ஸில்தான் தேடும். ஒரே வரியில் லிஸ்ட் கட்டும் லிஸ்ட் கொம்ப்ரிஹென்ஷனிலும் இதே தொல்லை இருந்தது. பைதன் 3.12 அதைத் தனி ஃபங்ஷனாக்காமல் அந்த இடத்திலேயே விரித்துவிடுகிறது.

அவசரத்துக்கு, ஷெல்லின் முதல் வரியில் லோக்கல்ஸைக் கொண்டு குளோபல்ஸை அப்டேட் செய்யுங்கள். ஆனால் மொட்யூலில் அதே பெயரில் ஏதாவது இருந்தால் அழிந்துபோகும். சுத்தமான வழி, பைதனோடு வரும் கோட் மொட்யூலின் இன்டராக்ட்; எம்பெட்டுக்குப் பதிலாக அதுவும் ஒரு ஷெல்லைத் திறக்கும். குளோபல்ஸையும் லோக்கல்ஸையும் ஒரே டிக்ஷனரியாகச் சேர்த்துக் கொடுங்கள். லம்டாவும் வேலை செய்யும். வேலை முடிந்ததும் ஷெல்லைத் திறக்கும் அந்த வரியை எடுத்துவிட்டுக் கொமிட் பண்ணுங்கள்.

கொட்டாஞ்சேனை: ஷெல்லில் பஸ்ஸை 100 என்று மாற்றினேன். வெளியே வந்தால் ஸ்கிரிப்ட் 138 என்றே ஓடுகிறது.

ஷெல்லிடம் இருப்பது பெயர்களின் பிரதிதான். லிஸ்ட்டில் அப்பெண்ட் செய்தால் நிற்கும், ஏனென்றால் பொருள் ஒன்றே; ஃபங்ஷனுக்குள் பெயருக்குப் புது மதிப்புக் கொடுத்தால் நிற்கும் என்று நம்ப முடியாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஸ்கிரிப்ட்டை அந்த இடத்தில் நிறுத்தும் பிரேக்பொயிண்ட் போட்டு, அது திறக்கும் பிடிபியில், அதாவது பைதனின் பிழைதேடும் கருவியில், மாற்றுங்கள்.

மட்டக்குளி: லூப்புக்குள் போட்டேன். மூட மூடத் திறக்கிறது!

சதவீதக் குறி போட்டு கில்_எம்பெட்டட் என்று அடியுங்கள். எம்பெட் வரியையும் மறக்காமல் எடுங்கள்.

தெஹிவளை: சிஎஸ்வியை பைப் பண்ணி ஓட்டினால் ஷெல் திறந்த கையோடு மூடுகிறது.

உங்கள் கீபோர்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஃபைல் இருக்கிறது. அது முடிந்ததும் ஷெல்லும் முடிந்தது என்று நினைக்கிறது. ஃபைலின் பெயரை ஆர்கியுமென்ட்டாகக் கொடுங்கள்.

பம்பலப்பிட்டி: இவ்வளவு பாடு எதற்குத் தங்கச்சி? பிரின்ட் போட்டால் போதும்.

அண்ணா, என்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும்தான். தெரியாதபோது ஒவ்வொரு பிரின்ட்டுக்கும் ஸ்கிரிப்ட்டை முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பெரிய ஃபைல் ஏறவே பத்து நிமிடம் எடுத்தால்?

பம்பலப்பிட்டி: மறந்துபோன பிரின்ட் சேர்வரை நிறுத்தாதே. எம்பெட் நிறுத்துமே?

அதில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு, நானும் திரும்பத் திரும்ப அதைத்தான் சொல்கிறேன். அதனால்தான் பைதன் 3.7 இல் வந்த பிரேக்பொயிண்ட் எனக்குப் பிடிக்கும். சேர்வரில் பைதன்பிரேக்பொயிண்ட் என்ற என்வயர்ன்மென்ட் வேரியபிளுக்கு 0 கொடுத்தால் எல்லா பிரேக்பொயிண்ட்டும் பேசாமல் கடந்துபோகும். எம்பெட்டுக்கு அப்படி ஒரு பூட்டு இல்லை. ஆனால் ஷெல்லே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கிருலப்பனை: ஷெல்லில் மாற்றிய மதிப்பு ஸ்கிரிப்ட்டில்...

மேலே கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

நாரஹேன்பிட்ட: கோட் மொட்யூலில் இன்டராக்ட் என்று ஒன்றுமே இல்லை என்கிறது.

உங்கள் ஸ்கிரிப்ட்டின் பெயர் கோட் டொட் பிவைதானே? பைதன் அதைத்தான் முதலில் எடுக்கிறது. பெயரை மாற்றுங்கள்; கோட் மொட்யூலையே நம்பியிருக்கும் பிடிபியும் சரியாகும். கொமிட் பண்ண முன் இன்டராக்ட் வரியை எடுங்கள்.