சிஸ்டர், அக்கவுண்ட் யார் பேர்ல?

கேள்வி: எங்க கிராமத்துக்கு இப்ப டூரிஸ்ட் வர ஆரம்பிச்சிருக்காங்க. எங்க மகளிர் குழுவுல சேர்ந்து ஹோம்ஸ்டே நடத்தலாம்னு இருக்கோம். லோன் போட்டு ரூம் கட்டலாமா? ஏஜென்ட் ஒருத்தர் கெஸ்ட் எல்லாரையும் தன் மூலமாத்தான் எடுக்கணும்னு சொல்றார், ஒத்துக்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: லோன் இப்ப வேண்டாம் சிஸ்டர். இருக்கற வீட்டுலயே ஒரு ரூம், சுத்தமான பாத்ரூம், உள்பக்கம் தாழ்ப்பாள், மொத சீசனுக்கு இது போதும். ஆஃப் சீசன்னு சொன்னா பேங்க் தவணைய விடமாட்டான், அதோட 2020ல கொரோனா வந்தப்போ உலகம் முழுக்க வெளிநாட்டு டூரிஸ்ட் வரத்து 70 சதவீதத்துக்கு மேல சரிஞ்சுது, அதனால வயலோ தையலோ இப்ப கைல இருக்கற வருமானத்த விட்டுடாதீங்க.

ஏஜென்ட்டை விட எனக்குப் பெரிய கவலை அக்கவுண்ட்தான். பெருக்கி, துவைச்சு, சமைச்சு போடறது நீங்க, ஆனா புக்கிங் வர்ற போனும் ஓடிபியும் வீட்டுக்காரர்கிட்ட, பணம் போறது பையன் அக்கவுண்ட்டுக்குன்னா அது தொழில் இல்ல, வீட்டு வேலை கூடிருச்சு, அவ்ளோதான். (சம்பளத்துக்குப் போறவங்க கதையும் பெருசா மாறல, ஐநா சுற்றுலா அமைப்போட 2019 ரிப்போர்ட்படி இந்தத் துறையில வேலை பாக்கறவங்கள்ல 54 சதவீதம் பெண்கள், ஆனா சம்பளம் ஆம்பளைங்கள விட 14.7 சதவீதம் கம்மி.) கென்யாவுல உமோஜான்னு ஒரு கிராமம், 1990ல சம்புருங்கற பழங்குடிப் பெண்கள் தாங்களே உருவாக்கினது, ஆம்பளைங்க அங்க குடியிருக்கறதில்ல, பாசிமணி நகை வித்தும் டூரிஸ்ட்டுக்கு கேம்ப் நடத்தியும் வர்ற காச அவங்களே நிர்வாகம் பண்றாங்க. அந்த அளவுக்கு போகச் சொல்லல, குழு பேர்ல ஒரு அக்கவுண்ட் போதும்!

எல்லார் வீட்டுலயும் ரூம் இருக்காது, அவங்கள விட்டுடக் கூடாது. நேபாளத்துல பொக்காராவுல மூணு அக்கா தங்கச்சிங்க 1994ல பெண்களுக்குன்னே ட்ரெக்கிங் தொழில் ஆரம்பிச்சு, கிராமத்துப் பொண்ணுங்கள கைடா ட்ரெய்ன் பண்ணாங்க. உங்க ஊர்லயும் வழி தெரிஞ்ச பொண்ணு இருந்தா கைடா போகட்டும். கெஸ்ட்ட முறை வச்சு பிரிச்சுக்குங்க, இல்லன்னா ரோட்டோர வீட்டுக்கே எல்லாம் போய், ஒரே சீசன்ல குழு உடைஞ்சிரும்.

ஏஜென்ட் விஷயத்துல, "தன் மூலமா மட்டும்"ங்கற கண்டிஷனுக்கு நோ சொல்லுங்க. குஜராத்துல சுயதொழில் பண்ற பெண்களோட சங்கமான சேவா, ஆன்லைன்ல தங்கற இடம் புக் பண்ற ஏர்பிஎன்பி கம்பெனியோட 2016ல கைகோர்த்துச்சு, அங்க கம்பெனிகிட்ட பேசினது தனி ஒரு பொம்பள இல்ல, சங்கம். நீங்களும் குழுவா பேசுங்க. ஒரு கெஸ்ட்டுக்கு இவ்ளோ கமிஷன், ஒரு சீசனுக்கு மட்டும், கேன்சல் ஆனா யார் நஷ்டம்னு எல்லாத்தையும் எழுதி, படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க.